ஃபோல்க்ஸ்ஷூலெ, குருண்ட்ஷூலெ: ஜெர்மன் 'தொடக்கப் பள்ளி' எந்த வகுப்பில் முடிகிறது?

'ஃபோல்க்ஸ்ஷூலெ' என்ற ஜெர்மன் சொல்லுக்கு அகராதிகள் பெரும்பாலும் தரும் பொருள் 'தொடக்கப் பள்ளி'. வியன்னாவில் இன்று இரண்டாம் வகுப்புப் படிக்கும் குழந்தையைப் பொறுத்தவரை அது சரி. சூரிச்சில் 15 வயதில் பள்ளி முடிக்கப்போகும் பிள்ளையும் ஃபோல்க்ஸ்ஷூலெ மாணவர்தான். அங்கே அந்தப் பொருள் ஒட்டாது. 1950-இல் கொலோன் நகரில் ஃபோல்க்ஸ்ஷூலெ முடித்துத் தொழில் பழகப் போனவர் எட்டு ஆண்டு பள்ளி சென்றவர். இன்றைய ஜெர்மனியில் சிறு பிள்ளைகள் போகும் பள்ளிக்கோ பெயரே வேறு: குருண்ட்ஷூலெ.

ஒரே சொல் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் நீண்டும் குறுகியும் போனதன் வேர், யார் வீட்டுப் பிள்ளை யாரோடு உட்கார்ந்து படிப்பது என்ற பழைய தகராறில் இருக்கிறது. அந்தத் தகராறு தெரிந்தால் பழைய சான்றிதழ் ஒன்றைப் பிழையில்லாமல் வாசிக்கலாம். நான்காம் வகுப்பு வந்ததும் ஜெர்மன் பெற்றோர் ஏன் அவ்வளவு பதறுகிறார்கள் என்பதும் விளங்கும்.

கட்டணம் கட்டியவர்களுக்கு வேறு வாசல்

'ஃபோல்க்' என்றால் மக்கள். எழுதும்போது முதலெழுத்து ஆங்கில 'வி', ஒலிப்பது 'ஃப'. இங்கே 'மக்கள்' என்பது எல்லோரையும் குறிக்கவில்லை. ஊர்ப் பொதுஜனம், அதாவது கிம்னாசியும் என்ற உயர்தரப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப வழியில்லாதவர்கள் என்பதே 19ஆம் நூற்றாண்டில் அதன் பொருள்.

பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1763-இல் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கான விதிகளை வெளியிட்டு, ஐந்து வயது முதல் பதின்மூன்று, பதினான்கு வயது வரை பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும் என்றார். ஆஸ்திரியாவில் மரியா தெரேசா 1774-இல் அதே வேலையைச் செய்தார். காகிதத்தில் சட்டம் வந்ததும் பள்ளி வந்துவிடவில்லை. ஆசிரியரும் கட்டடமும் சேர நூறாண்டு பிடித்தது. 1872-இல் பிரஷ்யா வகுத்த விதிகளில்கூட, ஒரே ஆசிரியர் நடத்தும் ஓர் அறைப் பள்ளியில் 80 பிள்ளைகள் வரை இருக்கலாம் என்றுதான் இருந்தது. ஆறு வயதுப் பொடிசும் பதின்மூன்று வயதுப் பையனும் அதே அறையில்தான்.

வசதியுள்ள வீடுகள் இந்த அறைக்குப் பிள்ளையை அனுப்பவில்லை. அவர்களுக்கென்று 'ஃபோர்ஷூலெ' இருந்தது. சொல்லுக்கு நேர்ப்பொருள் 'முன்பள்ளி'; ஆனால் அது பாலர் பள்ளி அன்று. கிம்னாசியத்தோடு ஒட்டியே நடந்த, கட்டணம் வாங்கிய, பெரும்பாலும் மூன்றாண்டுப் பள்ளி அது. அங்கே மூன்று ஆண்டு படித்தால் நேரே கிம்னாசியத்தின் முதல் வகுப்பு. ஃபோல்க்ஸ்ஷூலெயிலிருந்து அதே வாசலுக்கு வர நினைத்த பிள்ளைக்கு நான்கு ஆண்டாவது தேவைப்பட்டது, வந்தவர்களும் கொஞ்சம்தான். ஆறு வயதிலேயே பாதை பிரிந்துவிட்டது. பிரித்தது அறிவோ மதிப்பெண்ணோ அல்ல, அப்பாவின் பணப்பை.

1918-இல் முடியாட்சி விழுந்த பிறகு, 1919-இல் வந்த புதிய குடியரசின் வைமார் அரசியலமைப்பில் 146ஆம் பிரிவு இந்த ஏற்பாட்டில் கை வைத்தது. எல்லோருக்கும் பொதுவான 'குருண்ட்ஷூலெ' ஒன்று இருக்க வேண்டும், அதன்மேல்தான் நடுத்தர, உயர்தரப் பள்ளிகள் எழும்ப வேண்டும் என்றது. 'குருண்ட்' என்றால் அடித்தளம். அடுத்த ஆண்டு, 1920 ஏப்ரல் 28-இல், இதற்கான சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே இரண்டு வேலைகள் இருந்தன: குருண்ட்ஷூலெ அமைப்பது, ஃபோர்ஷூலெயை ஒழிப்பது.

பலரும் தவறவிடும் இடம் இந்தச் சட்டத்தின் முதல் பிரிவுதான். புதிய பள்ளி எதையும் அது கட்டச் சொல்லவில்லை. ஃபோல்க்ஸ்ஷூலெயின் கீழ் நான்கு வகுப்புகளே இனி எல்லோருக்கும் பொதுவான குருண்ட்ஷூலெ என்றது. ஆக 1920 முதல் 1960-கள் வரை இந்த இரண்டு சொற்களும் எதிரெதிர்ச் சொற்களாக இருக்கவில்லை. எட்டு வகுப்புள்ள பள்ளியின் அடிப்பகுதிக்கு ஒரு பெயர், முழுப் பள்ளிக்கு ஒரு பெயர். நான்காம் வகுப்பு முடிந்ததும் சிலர் கிம்னாசியத்துக்கோ நடுத்தரப் பள்ளிக்கோ போனார்கள். மற்றவர்கள் அதே கட்டடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு ஏறினார்கள்.

ஏன் நான்கு ஆண்டு என்று கேட்டால், அது பேரத்தின் விளைவு. இடதுசாரிகளும் ஆசிரியர் சங்கத்தாரும் இன்னும் நீண்ட பொதுப் பள்ளியைக் கேட்டார்கள். கிம்னாசியத் தரப்பு மூன்றுக்கு மேல் தர மனமில்லாமல் இருந்தது. சட்டம் வந்து ஐந்தே ஆண்டில், 1925-இல், கெட்டிக்காரப் பிள்ளைகள் மூன்றாண்டிலேயே மேலே போகலாம் என்று ஒரு சந்தும் திறந்துவிட்டார்கள்.

இந்தச் சண்டையின் தடம் இன்றைய ஜெர்மன் அரசியலமைப்பிலும் அப்படியே கிடக்கிறது. 1949-இல் வந்த அடிப்படைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தனியார் 'ஃபோல்க்ஸ்ஷூலெ' தொடங்கக் கடுமையான நிபந்தனை போடுகிறது. அந்தப் பெயரில் பள்ளி இல்லாமல் போய்ப் பல பத்தாண்டு ஆன பிறகும் சொல் மாறவில்லை. நீதிமன்றங்கள் அதை இன்று குருண்ட்ஷூலெயையும் சேர்த்தே படிக்கின்றன. அதே பிரிவின் கடைசி வரி ஒரே மூச்சில் முடிகிறது: ஃபோர்ஷூலெகள் ஒழிக்கப்பட்டது ஒழிக்கப்பட்டதாகவே இருக்கும். ஹாம்பர்கில் இன்று குருண்ட்ஷூலெகளோடு சேர்ந்து 'முன்பள்ளி வகுப்பு' நடக்கிறதே, அது எப்படி என்று குழம்ப வேண்டாம். அது ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்செய்யும் வகுப்பு. அரசியலமைப்பு தடுத்தது கட்டணத்தால் பாதை பிரித்த பழைய பள்ளியை.

1964: பெயர் இரண்டாக உடைந்தது

ஜெர்மனியில் கல்வி மாநிலங்களின் அதிகாரம். 16 மாநிலங்களுக்கும் தனித்தனிப் பள்ளிச் சட்டம் உண்டு. மேற்கு ஜெர்மன் மாநிலங்கள் 1964 அக்டோபர் 28-இல் ஹாம்பர்கில் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஃபோல்க்ஸ்ஷூலெயை இரண்டாக்கியது. கீழ் நான்கு வகுப்புகள் குருண்ட்ஷூலெ; 5 முதல் 9 வரை ஹவுப்ட்ஷூலெ. கட்டாயப் படிப்பு ஒன்பது ஆண்டு ஆனது. கிழக்கு ஜெர்மனி இதற்குள் வேறு வழியில் போய்விட்டிருந்தது: அங்கே 1959 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பத்தாண்டுப் பள்ளி.

பெர்லின் தனி ரகம். போருக்குப் பின் 1948-இல் எட்டாண்டுப் பொதுப் பள்ளி கொண்டுவந்தார்கள். 1951-இல் மேற்கு பெர்லினில் அதை ஆறாண்டாகக் குறைத்தார்கள். அந்த ஆறு இன்னும் நிற்கிறது. பக்கத்து மாநிலமான பிராண்டன்பர்கிலும் அப்படியே. மற்ற 14 மாநிலங்களில் நான்கு. ஹாம்பர்க் அரசு இதை ஆறாக்கப் பார்த்தது. 2010 ஜூலை 18-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. அதே நாளில் நகரத் தலைவர் ஓலெ ஃபொன் பொய்ஸ்ட் பதவி விலகுவதாக அறிவித்தார். நூறாண்டுக்குப் பிறகும் நான்கா ஆறா என்ற கேள்வி ஆட்சியாளரை ஆட்டிப் பார்க்கும் அளவுக்கு உயிரோடு இருக்கிறது.

சான்றிதழை வாசிக்கும்போது

மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் சறுக்கும் இடம் 'ஃபோல்க்ஸ்ஷூல் அப்ஷ்லுஸ்', அதாவது ஃபோல்க்ஸ்ஷூலெ நிறைவுச் சான்று. 1930-களிலும் 40-களிலும் பிறந்த ஜெர்மானியர் பலரின் வாழ்க்கைக் குறிப்பில் கல்வித் தகுதி என்ற இடத்தில் இது ஒன்றுதான் இருக்கும். 'தொடக்கக் கல்வி மட்டும்' என்று தமிழில் எழுதினால், ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்று வாசகர் எண்ணுவார். உண்மையில் அது எட்டு ஆண்டு கட்டாயப் படிப்பை முடித்ததற்கான சான்று. அதை வைத்துத்தான் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியில் சேர்ந்தார்கள். ஜெர்மன் கணக்கெடுப்புப் படிவங்கள் இன்றும் ஹவுப்ட்ஷூலெ சான்றையும் ஃபோல்க்ஸ்ஷூலெ சான்றையும் ஒரே கட்டத்தில் போடுகின்றன. தமிழ்நாட்டு அமைப்போடு ஒப்பிட்டால், 1 முதல் 8 வரை நடக்கும் நடுநிலைப் பள்ளிதான் இதற்கு நெருக்கம்.

சான்றின் தலைப்பையும் பார்க்க வேண்டும். 'அப்ஷ்லுஸ் ட்ஸொய்க்னிஸ்' என்றால் முடித்ததற்குச் சான்று. 'அப்காங்ஸ் ட்ஸொய்க்னிஸ்' என்றால் விலகியதற்குச் சான்று. கட்டாயப் படிப்பு கணக்கிடப்பட்டது ஆண்டுகளில், வகுப்புகளில் அல்ல. ஆறு வயதில் சேர்ந்து இருமுறை தேறாமல் போன பிள்ளைக்கு எட்டாண்டு முடியும்போது ஆறாம் வகுப்புதான் ஆகியிருக்கும். அவர் சட்டப்படி கடமை முடித்தவர், பள்ளி முடித்தவர் அல்லர். தலைப்பு மாறினால் பொருளும் மாறிவிடும் என்பதால் இரண்டையும் 'மாற்றுச் சான்றிதழ்' என்று எழுதிவிடக் கூடாது.

தேதிகளிலும் ஒரு பொறி உண்டு. மேற்கு ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. ஹாம்பர்க் உடன்படிக்கை அதைக் கோடை விடுமுறைக்குப் பின்னுக்கு மாற்றியது. இடைவெளியை நிரப்ப 1966 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஒரு குறுகிய பள்ளி ஆண்டும், 1966 டிசம்பர் முதல் 1967 ஜூலை வரை இன்னொன்றும் பல மாநிலங்களில் நடந்தன. பதினாறு மாதத்தில் இரண்டு வகுப்பு. இந்தக் காலத்துச் சான்றிதழில் ஒரு வகுப்புக்கு எட்டு மாதம் மட்டும் இருந்தால் அது போலி அல்ல, தட்டச்சுப் பிழையும் அல்ல.

ஆஸ்திரியச் சான்றிதழில் சிக்கல் வேறு. 1869-இன் ஃபோல்க்ஸ்ஷூலெ சட்டம் எட்டாண்டுக் கட்டாயப் படிப்பைக் கொண்டுவந்தது. சிற்றூர்களில் அந்த எட்டாண்டும் ஃபோல்க்ஸ்ஷூலெயிலேயே கழியும். தத்துவஞானி லுட்விக் விட்கென்ஸ்டைன் 1920 முதல் 1926 வரை கீழ் ஆஸ்திரியாவின் மலையோரக் கிராமங்களில் ஃபோல்க்ஸ்ஷூலெ ஆசிரியராக இருந்தார். 'தொடக்கப் பள்ளி ஆசிரியர்' என்றே தமிழில் எழுதுகிறார்கள். அதைப் படிக்கிறவர் மனத்தில் ஆறேழு வயதுக் குழந்தைகள் வருவார்கள். ஆனால் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளும் அவர் வகுப்பில் இருந்தார்கள். அவர் 1926-இல் ஃபோல்க்ஸ்ஷூலெகளுக்காக ஒரு சொல்லகராதியே வெளியிட்டது, அந்த வயதுப் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளை மனத்தில் வைத்துத்தான்.

பழைய ஆஸ்திரியக் கிராமப் பள்ளிச் சான்றில் 'கிளாஸெ' என்பது பெரும்பாலும் அறையைக் குறிக்கும். 'ஷூல்ஷ்டூஃபெ' என்பதே படித்த ஆண்டு. இரண்டு அறைப் பள்ளியில் '2ஆம் கிளாஸெ' என்று இருந்தால் அந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டிலும் இருக்கலாம், எட்டாம் ஆண்டிலும் இருக்கலாம். இன்றும் பாதிக் குழப்பம் மிச்சம் இருக்கிறது: ஆஸ்திரியாவில் ஃபோல்க்ஸ்ஷூலெ நான்கு ஆண்டோடு முடிந்து, அடுத்த பள்ளியில் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. கிம்னாசியத்தின் '4ஆம் வகுப்பு' என்றால் அது எட்டாம் ஆண்டு. எந்தப் பள்ளியின் நான்கு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதினால் நான்கு ஆண்டு காணாமல் போகும்.

சுவிட்சர்லாந்தில் ஃபோல்க்ஸ்ஷூலெ என்றால் கட்டாயப் படிப்பு மொத்தமும். கான்டன்களுக்கு (சுவிஸ் மாநிலங்களுக்கு) இடையிலான, 2009-இல் நடைமுறைக்கு வந்த 'ஹார்மோஸ்' ஒப்பந்தப்படி அது 11 ஆண்டு: இரண்டு ஆண்டு கிண்டர்கார்டன், ஆறு ஆண்டு பிரிமார்ஷூலெ, மூன்று ஆண்டு செக்குண்டார்ஷூலெ. எல்லா கான்டன்களும் ஒப்பந்தத்தில் இல்லை என்றாலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். அங்கே 'தொடக்கப் பள்ளி' என்று சொல்லத் தக்கது பிரிமார்ஷூலெ மட்டும். ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் சூரிச் கான்டனில் இந்தப் பள்ளிகளைக் கவனிக்கும் அலுவலகத்தின் பெயரே 'ஃபோல்க்ஸ்ஷூல் அம்ட்'. அங்கிருந்து வரும் கடிதத்தைத் 'தொடக்கக் கல்வி அலுவலகம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டு, நம் பிள்ளைதான் எட்டாவது படிக்கிறதே, இது நமக்கில்லை என்று ஒதுக்கி வைத்துவிடக் கூடாது. ஃபோல்க்ஸ்ஷூலெ முடித்ததாகச் சான்று பெற்ற 16 வயதுப் பிள்ளைக்குத் தமிழில் 'கட்டாயப் பள்ளிக் கல்வி முடித்தவர்' என்பதே பொருத்தம்.

மதிப்பெண்ணையும் நாடு பார்த்தே வாசிக்க வேண்டும். ஜெர்மனியில் 1 சிறப்பு, 6 படுமோசம். ஆஸ்திரியாவில் 1 சிறப்பு, 5 தோல்வி. சுவிஸில் தலைகீழ்: 6 சிறப்பு, 4 இருந்தால் தேர்ச்சி. ஒரே '5' சூரிச்சில் பாராட்டு, சால்ஸ்பர்கில் தோல்வி.

நான்காம் வகுப்பின் கணக்கு

1920 சட்டம் பணத்தால் பிரித்த வாசலை மூடியது. பத்து வயதில் பிரிப்பதை மூடவில்லை. அது எவ்வளவு நுணுக்கமாக நடக்கிறது என்பதற்கு பவேரியா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நான்காம் வகுப்பின் மே மாதத் தொடக்கத்தில் 'யூபர்ட்ரிட்' சான்று, அதாவது மேற்பள்ளிக்கு மாறுவதற்கான சான்று தருகிறார்கள். கணக்கில் வருவது மூன்று பாடம்: ஜெர்மன், கணிதம், ஊரும் உலகும் பற்றிய பொதுப்பாடம். சராசரி 2.33-க்குள் இருந்தால் கிம்னாசியும், 2.66-க்குள் இருந்தால் ரெயால்ஷூலெ என்ற நடுத்தரப் பள்ளி, அதற்கு மேல் போனால் மிட்டெல்ஷூலெ (ஹவுப்ட்ஷூலெயின் இன்றைய பவேரியப் பெயர்).

போட்டுப் பார்த்தால் தெரியும். ஜெர்மன் 2, கணிதம் 3, பொதுப்பாடம் 2: கூட்டினால் 7, மூன்றால் வகுத்தால் 2.33. கிம்னாசியும் திறக்கிறது. பொதுப்பாடத்தில் 2-க்குப் பதில் 3 வந்தால் 8, சராசரி 2.66, கதவு சாத்தியது. பொதுப்பாடம்தானே என்று தமிழ்ப் பெற்றோர் சிலர் கணிதத்தை மட்டும் விரட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்றுக்கும் எடை ஒன்றே. அந்தப் பாடமோ முழுக்க ஜெர்மன் வாக்கியங்களில் விடை எழுத வேண்டியது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பெரும்பாலும் தடுக்குவது அங்கேதான்.

கதவு சாத்தினாலும் இடுக்கு உண்டு. மூன்று நாள் 'புரோபெ உன்டர்ரிக்ட்' என்ற சோதனை வகுப்பில் ஜெர்மன், கணிதம் இரண்டிலும் பார்ப்பார்கள். ஒன்றில் 3, மற்றதில் 4 வந்தால் தேர்ச்சி. இரண்டிலும் 4 என்றால் பெற்றோர் விருப்பப்படி சேர்க்கலாம். முதல் வகுப்பிலிருந்தே ஜெர்மன் பள்ளியில் படிக்காமல் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு, மொழித் தடையால் வந்த குறைவு என்று பள்ளி கருதினால், சராசரி 3.33 வரை தளர்த்தவும் இடம் இருக்கிறது. கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள். வகுப்பாசிரியரிடம் குளிர்காலத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

ரைன் நதிப் பக்கம் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் இந்தத் தசமக் கணக்கு இல்லை. ஆசிரியரின் பரிந்துரை உண்டு, முடிவு பெற்றோருடையது. ஆஸ்திரியாவில் கிம்னாசியும் சேர ஜெர்மனிலும் கணிதத்திலும் பொதுவாக 1 அல்லது 2 எடுத்திருக்க வேண்டும். எடுக்காதவர் நுழைவுத் தேர்வு எழுதலாம். சூரிச்சில் இந்தப் பிரிவு ஆறாம் வகுப்புக்குப் பிறகுதான் வருகிறது, அதற்கும் நுழைவுத் தேர்வு.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

'எலெமென்டார்ஷூலெ' என்று எழுதினால் ஜெர்மானியருக்குப் புரியும், ஆனால் தாத்தா காலத்துச் சொல்லாக ஒலிக்கும். இன்றைய கல்வித் துறையில் 'எலெமென்டார்' என்ற முன்னொட்டு பள்ளிக்கு முந்திய கட்டத்தை, அதாவது கிண்டர்கார்டனைக் குறிக்கிறது. ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் ஜெர்மனியில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'எலெமென்டார்' என்று போட்டால் பாலர் பள்ளி ஊழியராக எடுத்துக்கொள்வார்கள். 'குருண்ட்ஷூல் லேரரின்' என்று எழுதி, 1 முதல் 5 வரை கற்பித்ததாகக் கூடவே குறிப்பிட வேண்டும்.

'ஹோக்ஷூலெ' உயர்நிலைப் பள்ளி அல்ல, பல்கலைக்கழகத் தரம். 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ'யில் ஃபோல்க்ஸ்ஷூலெயின் எழுத்துகள் முழுக்க இருந்தாலும் இரண்டுக்கும் உறவில்லை. அது பெரியவர்கள் மாலையில் மொழியோ தையலோ கற்கும் நகர நிறுவனம். புதிதாக வந்தவர்கள் ஜெர்மன் படிக்கப் போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பள்ளிப் பெயர்ப் பலகையில் உள்ள சுருக்கெழுத்துகளும் மாநிலம் மாறினால் மாறும். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் 'கா-கே-எஸ்' (KGS) என்றால் கத்தோலிக்க குருண்ட்ஷூலெ. அரசே நடத்தும் பள்ளி, கட்டணம் இல்லை. ஆனால் இடம் பற்றாக்குறை வந்தால் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. மற்றவர்கள் சேர, அந்தச் சமய நெறிப்படியான கல்வியே வேண்டும் என்று பெற்றோர் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். சமயம் பார்க்காத பொதுப் பள்ளிக்கு 'கே-கே-எஸ்' (GGS). பக்கத்து மாநிலமான நீடர்சாக்ஸனில் அதே 'கா-கே-எஸ்' ஐந்தாம் வகுப்பில் தொடங்கும், பல பள்ளி வகைகளை ஒரே கூரையின்கீழ் நடத்தும் பெரிய பள்ளி. ஒஸ்னாப்ரூக்கிலிருந்து மூன்ஸ்டருக்கு வீடு மாற்றுகிறவர்கள் பள்ளிப் பட்டியலில் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்த மூன்றெழுத்தை.